பிரசவ வலிப்பு: குடும்பத்தார் அறியவேண்டுவன

கர்ப்பிணிகளுக்கு நேரும் அபாயங்களுள் பிரசவ வலிப்பு அபூர்வமானது. எனினும், தக்க சிகிச்சை கிடையாவிடில் தாய், சிசு ஆகிய இருவர் உயிரையும் போக்க வல்லது. வைத்தியர் இதனை எக்ளாம்ப்சியா என்பர். உரிய காலத்தில் ஆஸ்பத்திரி சேர்ந்தவர்களிற் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். அந்தக் காலத்தைத் தேடித் தருவது குடும்பத்தாரின் கையிலுள்ளது.

நோயின் தன்மை

இது பேயின் சேஷ்டையன்று. நஞ்சுக்கொடி செவ்வையாக அமையாமையால், பெரும்பாலும் ஐந்து மாதத்திற்குமேல் இரத்த அழுத்தம் மிகுந்து மூளையைத் தாக்குகிறது. அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேலிருத்தல், நீரில் அல்புமின் காணுதல், முகமும் கைகளும் திடீரென வீங்குதல், தீராத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி ஆகியவை முன்னறிகுறிகளாம். சிலருக்கு அறிகுறியின்றியும் வலிப்பு வரும். பிரசவத்திற்குப் பின்னரும், சிறப்பாக முதல் 48 மணி நேரத்திற்குள், வரக்கூடும். ஆகையால், குழந்தை பிறந்துவிட்டதென்று அசட்டையாயிருத்தல் தகாது.

வலிப்புக் கண்டவுடன்

1. இடப்பக்கமாகச் சரித்துப் படுக்கவைக்க. அருகிலுள்ள பொருள்களை அகற்றுக.
2. கையில் இரும்பு கொடுத்தல், வாயிற் கரண்டி செருகுதல், கஷாயம் புகட்டுதல் கூடா. கைகால்களை அழுத்திப் பிடித்தலும் ஆகாது.
3. வலிப்பு நின்று அவள் உறங்குவதுபோல் கிடந்தாலும் காத்திராது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க. தமிழ்நாட்டில் 2008 முதல் 108 என்னும் எண்ணில் அவசர ஊர்தியை அழைக்கலாம்.

ஆஸ்பத்திரியில்

பேதி உப்பென்று நாம் அறிந்த மக்னீசியம் சல்பேட்டையே ஊசி மருந்தாக ஏற்றுவர். வலிப்பு திரும்பாமல் தடுப்பதில் பிற மருந்துகளினும் இது மேலானதென்று, இந்தியா உட்படப் பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சி 1995-ல் காட்டிற்று. முன்னறிகுறி கண்டவர்களுக்கு இதனைக் கொடுத்தால் வலிப்பு பாதிக்குமேல் குறையுமென்பது 2002-ல் தெளிவாயிற்று. இதனை வீட்டில் வாய்வழியாகக் கொடுப்பதாற் பயனில்லை. பிரசவத்தை முடித்தலே மூல சிகிச்சை; மாதம் நிரம்பவில்லையென்று உறவினர் தடுத்தலாகாது.

வீடு திரும்பியபின்

உயிர் பிழைத்தமட்டில் நோய் தீர்ந்ததாகாது. நிகழ்ந்தவை அவளுக்கு நினைவிலில்லாமற் போகலாம். பரிகசியாமல் கணவனேனும் தாயாரேனும் அமைதியாக எடுத்துரைக்க வேண்டும். மருந்தை இடையில் நிறுத்தாமலும், அழுத்தத்தை வைத்தியர் குறித்த நாட்களில் அளக்கத் தவறாமலும் பார்த்துக்கொள்வது வீட்டாரின் கடமை. பத்தியத்தின் பெயரால் சோறும் நீரும் குறைக்கலாகாது. மாமியாரும் நாத்தனாரும் வீட்டு வேலையை ஏற்க. இரவில் குழந்தையைக் கணவன் ஏந்துக. ஓயாத அழுகையும் உறக்கமின்மையும் நீடித்தால், அதனைப் பிடிவாதமென்று கடியாது வைத்தியரிடம் காட்டுக. பிற்காலத்தில் இரத்த அழுத்த நோய் வரக்கூடுமாகையால் ஆண்டுதோறும் பரிசோதித்தல் நலம். அடுத்த கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே முன் நிகழ்ந்ததைத் தெரிவித்தால், வைத்தியர் சிறிதளவு ஆஸ்பிரின் கொடுத்து அபாயத்தைக் குறைப்பர்.

சங்கத்தின் பணி

இரவில் வண்டி கொடுப்போர், இரத்தம் அளிப்போர் ஆகியோரின் பெயர்களை எழுதிச் சங்கக் கட்டடத்தில் ஒட்டிவைக்கலாம். அவசரக் கைமாற்றுக்கெனச் சிறுதொகை ஒதுக்குதலும் நன்று.

கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க வினாக்கள்

1. நம் ஊரில் இப்போது கர்ப்பிணிகள் எத்தனை பேர்? அனைவருக்கும் அழுத்தம் அளக்கப்பட்டதா?
2. நள்ளிரவில் வலிப்புக் கண்டால் முதலில் யாரை எழுப்புவது?
3. பிழைத்து வந்த தாய்க்கு நாற்பது நாள் வேலையின்றி ஓய்வளிக்க நம் வீடுகளில் இயலுமா? இயலாதெனில் தடையாயிருப்பது யாது?