சூதும் மருந்தும்

திருக்குறளில் 94ஆம் அதிகாரம் சூது. அதன் முன் நிற்பது கள்ளுண்ணாமை. பின் நிற்பது மருந்து. இவ்வைப்புமுறை இக்கால மருத்துவத்திற்கும் ஒத்திருத்தல் வியத்தற்குரியது. அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்தார் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலில், விடமுடியாத சூதாட்டம் மதுவடிமைத்தனத்தோடு ஓரினமாக வைக்கப்பட்டது. ஆகவே, சூதை விடவியலாதார் பலர் நோயாளரே என்பது தெளிவு.

இந்நோய் எவ்வாறு பற்றுகின்றது? மூளையின் ஆழத்தே ஸ்ட்ரையேட்டம் என்றோர் பகுதியுண்டு. வரப்போகும் இன்பத்தின் எதிர்பார்ப்பை டோபமின் என்னும் இரசாயனப் பொருள் ஆண்டு எழுப்புகின்றது. மூளையின் தொழிலை எம்.ஆர்.ஐ. கருவியாற் படம்பிடித்து ஆராய்ந்தோர் 2009ஆம் ஆண்டில் ஓருண்மை வெளியிட்டனர். மயிரிழையிற் கைதவறிய தோல்வியும், வெற்றி எழுப்பும் பகுதிகளையே எழுப்புகின்றது! ஆதலினன்றோ, தோற்றவன் எழுந்து போகாது, "இன்னும் ஒருமுறை" என்கின்றான்.

பிறிதொரு சான்றும் உண்டு. பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதத்திற்கு, டோபமினைப்போற் செயற்படும் மருந்துண்டாருட் சிலர், முன் சூதில் நாட்டமிலராயிருந்தும் அதில் ஆழ்ந்தனர். மருந்தைக் குறைத்தபின் பலர் மீண்டனர்.

இனி, சிகிச்சை யாது? மதுநோய்க்கு வழங்கும் நால்ட்ரெக்சோன் என்னும் மருந்து சிலருடைய சூதுவேட்கையைத் தணித்ததாக ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும், மருந்தொன்றே போதாது. பிழைபட்ட எண்ணங்களைத் திருத்தும் உரையாடற் சிகிச்சையும் வேண்டும். மூளைப்படமோ ஆராய்ச்சிக்கே பெரிதும் பயன்படுவது. நோயை அறிதற்கு மருத்துவர் நோயாளியோடு பேசியே ஆராய்கின்றனர்.

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் லாட்டரிச் சீட்டு தடை செய்யப்பட்டது. இணையச் சூதைத் தடுக்க 2022ஆம் ஆண்டில் மாநிலச் சட்டமும், பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை விலக்க 2025ஆம் ஆண்டில் பாராளுமன்றச் சட்டமும் இயற்றப்பட்டன. சட்டம் கடையை அடைக்கும், நோயை ஆற்றாது. வேளாங்கண்ணியைச் சூழ்ந்த நம் நெல்வயல் நாட்டில், அறுவடைப் பணம் கைக்கு வந்த இரவிலே கைப்பேசியில் அதனை இழந்தவன், நாணத்தால் வாய்திறவான், இழந்ததை மீட்கக் கடன் வாங்குவான், கடனையும் மறைப்பான். மறைக்க மறைக்க நோய் முற்றும்.

மாணவ நண்பர்காள்! விடுதியில் உடனுறையும் தோழனொருவன் அடிக்கடி கடன் கேட்டு, உறக்கமின்றிக் கைப்பேசியோடு இருப்பானாயின், அவனை இகழாதீர், பணமும் ஈயாதீர். அவனோடு மனநல மருத்துவரிடம் செல்லுங்கள். 14416 என்னும் அரசு மனநல உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். இகழ்ச்சி அவனை மீண்டும் ஆட்டத்திற்கே துரத்தும். துணையோ மருந்துவரை நடத்திச் செல்லும்.