கரிசல் வழிச் செல்லும் ஜீப்பிற்கு எண்ணெய் தேர்தல்

விருதுநகர், சிவகாசிப் பக்கத்துக் கரிசல் வழிகளிற் செல்லும் ஜீப்பிற்கு எவ்வெண்ணெய் தகும்? விரலிலே தொட்டுத் தடிப்புக் காண்பார் பலர், அது பிழை. கையிலே தடித்துத் தோன்றுவது யந்திரச் சூட்டில் நீர்த்துப்போகலாம். அப்போது உலோகத்தோடு உலோகம் உரசித் தேயும். ஆதலின் தகரத்திற் பொறித்த இலக்கத்தை நோக்குக.

'15டபிள்யூ-40' என்பதில் முன்னிலக்கம் குளிரில் யந்திரம் கிளம்புங்கால் எண்ணெய் ஓடுந் தன்மையையும், பின்னிலக்கம் 100 பாகை சென்டிகிரேடில் அதன் பிசுப்பையும் குறிக்கும். உறைபனி காணாத நம் சீமைக்குப் பின்னிலக்கமே முக்கியம். எனினும் மிகுதடிப்பும் தீதே: நுண்துளைகளிற் புகத் தாமதிக்கும், எரிபொருளும் வீணாம். வண்டியின் கைந்நூல் விதித்த இலக்கமே அளவு.

தரக்குறியில் பெட்ரோலுக்கு 'எஸ்', டீசலுக்கு 'சி' முதலெழுத்தாகும். புழுதியில் உழலும் வண்டிக்கு எண்ணெயை வழக்கமான தூரத்திற்கு முன்னரே மாற்றுக. எண்ணெயில் மிச்சம் பிடித்த சில ரூபாய் யந்திரத்தையே விலையாகக் கேட்கும்.