தப்படித்தவர் பெயரும் இருக்கட்டும்

ரத்தோட்டைத் தம்பிக்கு,

நீ அனுப்பிய பாட்டுகளைக் கேட்டேன். இரண்டாவது பாட்டில் கிட்டாரும் ட்ரம்ஸும் ஒதுங்கிக்கொள்ள, தப்பு மட்டும் தனித்து முழங்குகிற இடம் பிரமாதம். திருவிழா மேடையிலும் கலியாண வீட்டிலும் சினிமாப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்த உங்கள் குழு, சொந்தப் பாட்டோடு கொழும்புக்குப் போகிறது என்பது சந்தோஷம். புறப்படுவதற்கு முன் நீ செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உனக்கு முன்னால் இந்த வழியில் போனவர்களைப் பார். சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு 2018 ஜனவரி 6ஆம் திகதி கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியது. பத்தொன்பது கலைஞர்கள். சாவு வீட்டுக்கென்று ஒதுக்கிவைக்கப்பட்ட பறையும் கானாவும் எலெக்ட்ரிக் கிட்டாரோடும் ராப்போடும் சரிசமமாக நின்றன. இயக்குநர் பா. ரஞ்சித்தின் ஆதரவும் இசையமைப்பாளர் டென்மாவின் உழைப்பும் அவர்களுக்கு இருந்தன. உனக்கு அப்படி யாரும் இல்லை. ஆனால் தங்கள் தெருவின் பேச்சையும் தாளத்தையும் கூச்சப்படாமல் மேடைக்குக் கொண்டுவந்தார்களே, அந்தத் துணிச்சலுக்கு யார் தயவும் வேண்டியதில்லை.

அந்தக் குழுவிலிருந்து வந்த அறிவு எழுதிப் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ 2021 மார்ச்சில் வெளியானது. அதில் வரும் வள்ளியம்மாள் அவருடைய பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்டுவிட்டு இந்தியா திரும்பியவர். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவுகட்டியதே, அந்தக் காலத்துக் கதை. நம் லயத்துக் கதை தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டு நம் கைபேசிக்கே வந்து சேர்ந்தது.

கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். பிணக்கும் கூடவே வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் அந்தப் பாட்டை உடன் பாடிய தீ இருந்தார், அறிவு இல்லை. பா. ரஞ்சித் கண்டித்த பிறகுதான் அறிவுக்கும் ஓர் அட்டை கிடைத்தது. அடுத்த ஆண்டு, பாட்டில் யாருடைய பங்கு எவ்வளவு என்று அறிவும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் ஆளுக்கொரு விளக்கம் எழுதினார்கள். 2024இல், அந்தப் பாட்டால் எங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்றார் சந்தோஷ். நம் நாட்டிலும் பார்: ஏ. ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய ‘சுராங்கனி’ கடல் கடந்து தமிழ் சினிமா வரை போயிற்று. அதைக் கட்டியது யார் என்று கேட்டால் இன்றும் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள்.

இப்போது உன் குழுவுக்கு வருகிறேன். அந்தத் தப்பு அடி, உங்களுக்குத் தப்படிக்கிற எல்கடுவப் பக்கத்து மாமா காமன் கூத்தில் அடித்துப் பழகியது. நீங்கள் வரி எழுதுமுன்னே அந்த அடி இருந்தது. பாட்டே அதன்மேல்தான் நிற்கிறது. கொழும்பு ஸ்டூடியோவில் உனக்கு ஒரு யோசனை சொல்வார்கள்: “இந்த அடியைப் பதிவெடுத்து கீபோர்டில் ஏற்றிக்கொள்ளலாம், ஆள் எதற்கு?” செலவும் குறையும், சிரமமும் குறையும். கிட்டாருக்குச் சுதி சேர்க்க முறுக்காணி போதும். தப்பை நெருப்பில் காய்ச்ச வேண்டும். பனி இறங்கினால் தோல் தளர்ந்து ஓசை மட்டாகிவிடும். மேடைக்காரர் வயருக்குப் பக்கத்தில் வைக்கோல் கொளுத்த விடமாட்டார். அதற்காக மாமாவை விட்டுவிட்டுப் போகாதே. இரண்டு தப்பு கொண்டுபோ. ஒன்று மேடையில் முழங்கும்போது மற்றது வெளியே காயட்டும். நாதஸ்வரக்காரருக்குக் கிடைக்கிற மரியாதை தப்புக்காரருக்கு என்றைக்கும் கிடைத்ததில்லை. உங்கள் குழுவும் அதே வழக்கத்தைத் தொடர்ந்தால், பாட்டில் நீதி பேசி என்ன பிரயோசனம்?

நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பாட்டை எங்கேயும் பதியாவிட்டாலும் ஆக்கியவருக்கு உரிமை உண்டு. வாழ்நாள் முழுவதும், இறந்த பின் 70 ஆண்டுகளுக்கும். ஆனால் ஒத்திகை அறையில் எந்த அடி யாருடையது, எந்த வரி யாருடையது என்று சட்டத்துக்குத் தெரியாது. கூட இருந்த உங்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே அடுத்த ஒத்திகையில் ஒரு கொப்பியை எடு. ஒவ்வொரு பாட்டுக்கும் வரி யாருடையது, மெட்டு யாருடையது, தாளம் யாருடையது, வருமானத்தில் யாருக்கு எத்தனை பங்கு, யூடியூப் கணக்கு யார் பெயரில் என்று எழுதி எல்லோரும் கையொப்பமிடுங்கள். இன்றைக்குப் பங்குபோடக் காசு இல்லை. அதனால் சண்டையும் வராது. காசு வந்த பிறகு இதை எழுத உட்கார்ந்தால் குழு மிஞ்சாது. மாமாவுக்குக் கையெழுத்து வராவிட்டால் பெருவிரலை வைக்கட்டும். அவர் பெயர் ஏறாமல் கொழும்பு பஸ்ஸில் ஏறாதே.

அன்புடன்,
மாத்தளையிலிருந்து அண்ணன்