பால்மரத்து இலையில் கைவேலை

ஜொகூர் மாநிலத்து லாபிஸ் பக்கம் பால்மரங்கள் (ரப்பர் மரங்கள்) பிப்ரவரி, மார்ச் வாக்கில் இலை கொட்டும். பச்சை மஞ்சளாகி, செம்பு நிறமாகிக் கீழே விழும். நம் ஊர் இலையுதிர் காலம் இதுதான். பாலர் பள்ளிப் பிள்ளைக்கு மேப்பிள் இலைப் படத்தைக் காட்டுவதைவிட, இந்த இலையைக் கையில் கொடுங்கள்.

உதிர்ந்ததை மட்டும் பொறுக்குங்கள். பச்சை இலையைக் கிள்ளினால் பால் வடிந்து சட்டையில் கறை பிடிக்கும், போகவே போகாது. தோட்டத்து ஓரத்தோடு நின்றுகொள்ளுங்கள். பிள்ளை காலில் சப்பாத்து கட்டாயம்.

சின்னப் பிள்ளைகளுக்குத் தேய்ப்பு ஓவியம்தான் சிறந்தது. இலையின் அடிப்பக்கம் மேலே பார்க்கும்படி வைத்து, மெல்லிய தாளால் மூடி, நான்கு மூலையிலும் டேப் ஒட்டுங்கள். கிரேயானின் காகித உறையைக் கழற்றி, படுக்கவைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். நடுநரம்பு முதலில் தெரியும், பிறகு கிளை நரம்புகள் ஒவ்வொன்றாக எழும்பி வரும். பிள்ளையின் கண்கள் விரிவதைப் பாருங்கள்! அந்த நேரத்தில் கையைப் பிடித்து உதவாதீர்கள்.

ஒட்டுப் படம் செய்வதானால், இலைகளை நாளிதழுக்குள் வைத்துக் கனமான புத்தகங்களை ஒரு வாரம் அடுக்கி வையுங்கள். ஒரே காம்பில் மூன்று இலை இருப்பதால் மயில், மீன்வால், கோழிக்கால் எல்லாம் வெட்டாமலே கிடைக்கும்.

பால்மர விதை அழகுதான், ஆனாலும் இந்த வயதுக்கு வேண்டாம். தொண்டையில் அடைக்கும்; பச்சையாக மென்றால் நஞ்சு.