நிழலின் நிறம்

பள்ளிச் சிறாரை நோக்கி, “ஒரு நிலக்காட்சி வரைக” என்று கூறின், அவருட் பெரும்பாலார் வரைவது யாது? இரு மலைகள், அவற்றிடையே கதிர்விரிக்கும் ஞாயிறு, மலையினின்று இழியும் ஓர் ஆறு, அதன் கரையில் ஒரு குடிசையும் ஒரு தென்னையும். மலையைக் கண்ணாற் கண்டறியாத கடற்கரைச் சிறுவனும் இம்மலைகளையே வரைவான். இஃது அவன் கண்ட காட்சியன்று. கரும்பலகையினின்றும் பெயர்த்தெழுதிய காட்சி. இலை பச்சை, வானம் நீலம், நிழல் கருமை என மனம் முன்னரே அறிந்து வைத்தவற்றைக் கை எழுதிச் செல்கின்றது. கண்ணுக்கு ஆங்கு வேலை யாதும் இல்லை. அக்கண்ணை வேலைகொள்ளும் ஓவியப் பாடம் ஒன்றனை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

பாடத்திற்கு மூலமாவது பிரான்சு நாட்டு ஓவிய நெறி ஒன்று. 1874-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் மோனே, ரென்வார், பிசாரோ, தெகா முதலிய ஓவியர் பாரிசு நகரில் தாமே ஒரு கண்காட்சி நடத்தினர். அதன்கண் மோனே வைத்த துறைமுகக் காட்சிக்கு ‘மனப்பதிவு, சூரியோதயம்’ என்பது பெயர். லூயி லெருவா என்னும் பத்திரிகையாளர் அப்பெயரையே பற்றிக்கொண்டு அவ்வோவியரை ‘மனப்பதிவுக்காரர்’ என எள்ளி எழுதினார். எள்ளற்பெயரே பின்னர் அந்நெறிக்கு உரிய பெயராய் நிலைத்தது. இன்று ‘இம்பிரெஷனிசம்’ என வழங்குவது அதுவே.

ஒரு பொருளின் நிறம் இன்னது என நாம் கருதியிருப்பதை விடுத்து, அப்பொழுதின் ஒளியில் அது கண்ணுக்கு எவ்வாறு தோன்றுகின்றதோ அவ்வாறே தீட்டியது அவர் செய்த புதுமை. 1841-இல் ஜான் ராண்ட் என்பார் வண்ணக் குழம்பை அடைக்கும் தகரக்குழாயைக் கண்டுபிடித்தமையால், வண்ணங்களைச் சுமந்துகொண்டு வெட்டவெளிக்குச் செல்லுதல் அவர்க்கு எளிதாயிற்று. மோனே 1890, 1891-ஆம் ஆண்டுகளில் ஜிவெர்னி என்னும் சிற்றூரில் தம் இல்லத்தருகே வயலில் நின்ற கதிர்ப்போர்களை ஏறத்தாழ இருபத்தைந்து படங்களாகத் தீட்டினார். ஒளி மாறுந்தோறும் கையிலிருந்த படத்தை வைத்துவிட்டு மற்றொன்றை எடுத்துக்கொள்வாராம். பொருள் ஒன்றே, பொழுதுதான் வேறு. நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியத்திற் பயிலும் நமக்கு இதனை உணர்தல் அரிதன்று.

இனி, கருவியைக் காண்போம். கடைகளில் ‘ஆயில் பேஸ்டல்’ என விற்கப்படும் வண்ணக்கோல், நிறப்பொடியை மெழுகோடும் உலராத எண்ணெயோடும் கலந்து வார்த்தது. மோனே கதிர்ப்போர்களைத் தீட்டிய காலத்தில் இஃது உலகில் இல்லை. தெகா கையாண்டது எண்ணெய் சேராத பொடிவண்ணக்கோல். எண்ணெய்க்கோல் பிறந்தது 1920-களில், ஜப்பான் நாட்டில். அதன் பிறப்பு வரலாறு நம் பாடத்திற்கு மிக இயைந்தது. கனாயே யமமோத்தோ என்னும் மரச்செதுக்கு ஓவியர் பிரான்சிற் பயின்று 1916-இல் ருஷ்யா வழியாகத் தாய்நாடு திரும்புகையில், மாஸ்கோ நகரிற் சிறுவர் வரைந்த படங்களைக் கண்டு வியந்தார். ஜப்பானியப் பள்ளிகளில் அக்காலத்துச் சிறுவர் மாதிரி நூலைப் பார்த்துப் படியெடுத்தலையே ஓவியமெனப் பயின்றனர். இயற்கையைத் தாமே கண்டு வரைதல் வேண்டுமென யமமோத்தோ கிளர்ச்சி செய்து, 1919-இல் நாகனோ மாநிலத்துப் பள்ளியொன்றிற் சிறுவர் ஓவியக் கண்காட்சி நடத்தினார். அக்கருத்தால் ஈர்க்கப்பட்டோர் தொடங்கிய சகுரா நிறுவனமே சிறுவர் கைக்கு ஏற்ற இக்கோலைச் செய்தது. படியெடுத்தலை ஒழிக்க எழுந்த கிளர்ச்சியிற் பிறந்த கோலை நம் மாணவர் கையிற் கொடுத்து, அதே இரு மலைகளை வரையச் சொல்லுதல் தகுமோ?

பாடத்திற்கு ஏற்ற பொருள் வைக்கோற்போர். அது கிடையாதாயின் வேலியோரத்து வேம்பு ஒன்று அமையும். நம் நாட்டு உச்சிப்பொழுதில் நிழல் பொருளின் காலடியிலேயே ஒடுங்கிவிடுமாதலின், காலை ஏழு மணியோ மாலை நான்கரை மணியோ தக்க வேளை. ஆசிரியர் முதலிற் செய்யத்தக்கது, பெட்டியிலுள்ள கறுப்புக்கோலை வாங்கி வைத்துக்கொள்ளுதல். மாணவர் முணுமுணுப்பர், பொறுத்தல் வேண்டும். பின்னர், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு போரின் நிழலை நோக்கச் செய்க. “என்ன நிறம்?” என்று வினவின், முதல் விடை ‘கறுப்பு’ என்றே வரும். மீண்டும் நோக்கச் செய்தால், சிறிது நேரத்தில் ஒருவன் ‘நீலம்’ என்பான். மற்றொருத்தி ‘கத்தரிப்பூ நிறம்’ என்பாள். இருவர் கூற்றும் மெய்யே. ஞாயிற்றின் நேரொளி தடைப்பட்ட இடத்தில் வானத்தின் நீலவொளி விழுதலின் நிழல் நீலம் பாய்ந்து தோன்றும். மஞ்சள் வைக்கோலின் அருகே இருத்தலால் ஊதாவும் தோன்றும். அடுத்தடுத்து நிற்கும் நிறங்கள் ஒன்றையொன்று திரித்துக் காட்டும் என்பதனைக் கோபலின் சாயச்சாலையின் தலைவர் செவ்ரோல் 1839-இல் நூலாக எழுதினார். கறுப்பு நூலின் சாயம் மங்கலாயிருக்கின்றது என்ற குறையை ஆராயப் புகுந்த அவர், குறை சாயத்திலன்று, அருகிருந்த நிறங்களிலே என்று கண்டார்.

இந்த வினாவிடைக்கே அரைமணி நேரம் கழியினும் வீணன்று. பாடத்தின் உயிர்நிலை இதுவே, எஞ்சியது கைத்தொழில்.

தாள் வெண்மையினும் மங்கிய பழுப்பு நிறமாயிருத்தல் நன்று. பென்சிலால் எல்லைக்கோடு வரைதல் கூடாது. வெளிர்மஞ்சள் கோலால் அடிவானத்தையும் போரின் பருவடிவையும் குறித்தல் போதும். அதன்பின் நிழற்பகுதியை முதலிலும் ஒளிப்பகுதியை அடுத்தும் குறுங்கீற்றுகளாக இடுக. கீற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அப்பாமல் அருகருகே இட்டு, இடையிடையே தாள் தெரிய விடுதல் வேண்டும். விரலாற் தேய்த்தல் மாணவர்க்கு மிக விருப்பமான செயல். அதனால் நிறமனைத்தும் சேறாகும். ஆகலின் தேய்த்தலை இப்பாடத்தளவில் விலக்குக. பச்சைப் புல்லில் ஆங்காங்கே செந்நிறக் கீற்று இரண்டு மூன்று வைத்துப் பார்க்கச் சொல்க; புல் உயிர்பெற்றெழும். தொலைவிலுள்ள மரங்கள் நீலம் கலந்து வெளிறும். வெளிர்நிறக் கோல் கருநிறத்தின்மேற் செல்லுங்கால் அழுக்கேறுமாதலின், ஒவ்வொரு முறையும் பழந்துணியால் நுனியைத் துடைத்தல் வேண்டும்.

கீற்றுகளனைத்தும் பார்ப்போர் கண்ணிற் கலந்து ஒரே நிறமாகும் என்பாரும் உளர். அக்கொள்கையை முற்றக் கடைப்பிடித்தவர் பின்வந்த சூரா. மோனே வண்ணங்களைக் கலந்தும் தீட்டியவரே. ஆகவே ஆசிரியர் இதனை விதியாகக் கற்பித்தல் வேண்டா. படத்தைச் சுவரிற் சார்த்திப் பத்தடி விலகி நின்று காண்பித்தல் போதும்.

ஒரு மணி நேரத்தில் நிறுத்திவிடுக. முடியாத படம் முடியாததாகவே இருக்கட்டும். ஒளி மாறியபின் திருத்தப்புகின் அஃது எப்பொழுதிற்கும் உரியதன்று. அன்று மாலையே அதே இடத்தில் வேறொரு தாளில் வரையச் செய்து, இரண்டனையும் அருகருகே வைத்துப் பார்க்க. இவ்வண்ணம் ஒருபோதும் முற்ற உலர்வதில்லை. ஆதலின் படங்களின்மேல் எண்ணெய் ஊறாத மெல்லிய தாளை மூடி, வெயில் படாத இடத்தில் அடுக்கி வைத்தல் வேண்டும்.