டிரில் முனையில் விரல் வேண்டாம்: வில்லைகளை ஊட்டி நிறுத்தும் மரக் கருவி

மரப் பொம்மை வண்டிக்குச் சக்கரம் செய்பவர்களுக்கு இந்த வேலை பழக்கம். 25 மி.மீ. உருட்டுக் கட்டையை 8 மி.மீ. கனத்தில் வில்லைகளாக அறுத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் 4 மி.மீ. துளை போட வேண்டும். நூறு வில்லை என்றால் நூறு முறை விரல்கள் சுழலும் பிட்டுக்குப் பக்கத்தில் போகின்றன. துளையும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பக்கம் விலகுகிறது, வண்டி நொண்டுகிறது. வில்லையைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தி, முடிந்ததும் அப்புறப்படுத்தும் பொறுப்பைப் பலகைக்குக் கொடுத்துவிட்டால் விரலும் தப்பும், துளையும் நேராகும்.

அமைப்பு

அடிப்பலகையில் மூன்று இடங்கள்: இடப்பக்கம் வில்லை விழும் ஓட்டை, நடுவில் வில்லைகளை அடுக்கும் கூண்டு, வலப்பக்கம் டிரில். அடுத்தடுத்த இடங்களுக்கு நடுவே 60 மி.மீ. இடைவெளி. இவற்றின் ஊடே ஒரு தள்ளுபலகை போய்வரும். அதில் ஒரே ஒரு வில்லைக்கு மட்டும் அறை உண்டு.

தேவையானவை

350 மி.மீ. நீள அடிப்பலகை, தள்ளுபலகைக்கு 8 மி.மீ. பிளைவுட், 9 மி.மீ. உயரமும் 20 மி.மீ. அகலமும் உள்ள இரண்டு ஓரச்சட்டங்கள், சிறு அக்ரிலிக் துண்டு, 4 மி.மீ. தடிப்பும் 25 மி.மீ. நீளமும் கொண்ட போல்ட், வாஷர்கள், ஒரு ஸ்பிரிங், மெழுகு, உப்புத்தாள், வெர்னியர்.

1. முதலில் அளவு

இருபது வில்லைகளை வெர்னியரில் அளந்து, மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் குறித்துக்கொள்ளுங்கள். விட்டம் 24.8 முதல் 25.2 வரை இருந்தால் போதும். கனம் 8 மி.மீ.க்குக் கால் மி.மீ. மேலோ கீழோ இருக்கலாம். அதற்கு மேல் போனவற்றை ஒதுக்கிவிடுங்கள். உள்ளே உப்புத்தாள் ஒட்டிய டப்பாவில் வில்லைகளைப் போட்டு உருட்டினால் விளிம்புகள் மழுங்கும். மழுங்காத விளிம்பு ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும்.

2. தள்ளுபலகை

220 மி.மீ. நீளம், 50 மி.மீ. அகலம். இடது முனையிலிருந்து 80 மி.மீ. தள்ளி அறையின் மையம் வர வேண்டும். அறை பின்பக்கம் திறந்திருக்கும்; வாய் அகலம் 26 மி.மீ. முன்பக்கம் 90 பாகை ‘வி’ வடிவில் முடியும். ஆழத்துக்குக் கணக்கு இது: பெரிய வில்லையின் ஆரத்தை 2.41 ஆல் பெருக்கி, 0.3 மி.மீ. கூட்டுங்கள். நம் வில்லைக்கு 30.7 மி.மீ. வரும்.

வட்டமான பொருள் ‘வி’யில் போய் அமர்ந்தால் பக்கவாட்டில் தானே நடுவுக்கு வந்துவிடும். முன்பின்னாக மட்டும் சிறு விலகல் வரும்: விட்டம் 0.4 மி.மீ. வேறுபட்டால் மையம் 0.28 மி.மீ. நகரும். பொம்மைச் சக்கரத்துக்கு இது பொறுத்துக்கொள்ளக் கூடியதே.

அறையின் விளிம்புகளை உப்புத்தாளால் மழுக்கி, பலகை முழுவதும் மெழுகு தேயுங்கள். இடது முனையில், தள்ளுபலகை ஓடும் 120 மி.மீ. தூரத்தைவிட நன்கு நீளமான கம்பியைக் கைப்பிடியாகப் பொருத்துங்கள்.

3. அடிப்பலகை

ஓரச்சட்டங்களைத் தள்ளுபலகை தடையின்றி ஓடும் இடைவெளியில் திருகுங்கள். இடப்பக்கம் 32 மி.மீ. ஓட்டை. டிரில் இடத்தில் மரத்தூள் கீழே கொட்ட 6 மி.மீ. ஓட்டை. பலகைக்கு 40 மி.மீ. உயரக் கால்கள் வைத்து, ஓட்டைக்குக் கீழே தட்டு ஒன்றை வையுங்கள்.

4. கூண்டு

நான்கு பட்டைகளைச் சேர்த்து, உள்ளளவு 25.5 மி.மீ. சதுரமான நிற்கும் கூண்டு செய்து ஓரச்சட்டங்களின் மேல் பொருத்துங்கள். உள்ளளவு இதைவிடப் பெரிதானால் வில்லை சாய்ந்து இறுகும், 26 மி.மீ.யைத் தாண்டினால் நட்டுக்குத்தாக நின்றுவிடும். முன்பட்டையில் நீளப் பிளவு விட்டால் இருப்பும் தெரியும், சிக்கியதைக் குச்சியால் தட்டிவிடவும் முடியும்.

5. அழுத்தும் போல்ட்

டிரில் இடத்துக்கு நேராகப் பின் ஓரச்சட்டத்தில் 4.5 மி.மீ. துளையிட்டு, முனையை உருண்டையாக அரம்போட்ட போல்ட்டை வெளியிலிருந்து நுழையுங்கள். தலைக்கு அடியில் வாஷர்களைச் சேர்த்து, உள்ளே 1.5 மி.மீ. மட்டும் நீட்டச் செய்யுங்கள். தலைக்குப் பின்னால் ஒரு கட்டையில் ஸ்பிரிங் அமர்ந்து அதைத் தள்ளட்டும். வில்லை வந்து நின்றதும் போல்ட் அதை ‘வி’க்குள் அழுத்திப் பிடிக்கும். அப்படியும் வில்லை சுழன்றால் ‘வி’யின் முகங்களில் மெல்லிய உப்புத்தாள் ஒட்டுங்கள்.

பிட் மேலே ஏறும்போது வில்லையையும் தூக்கிக்கொண்டு வராதிருக்க, 6 மி.மீ. துளையிட்ட அக்ரிலிக் துண்டை மேலே கூரையாகத் திருகுங்கள்.

6. தடுப்புகள்

வலது முனையில் திருகி அளவு மாற்றக்கூடிய போல்ட். இடது முனையில், கைப்பிடிக் கம்பி நுழையும் துளையுள்ள கட்டை. துளையின் இடத்தை முடிவுசெய்வது வலது தடுப்புதான். அதில் தூள் சேர்ந்தால் துளை விலகும்.

7. நேர்ப்படுத்துதல்

நடுத்தர விட்டமுள்ள வில்லையில் மையத்தைக் குறித்து, அறையில் வைத்து வலது தடுப்புவரை தள்ளுங்கள். மெஷின் நின்றிருக்க, பிட்டை இறக்கி அதன் நுனி குறியில் படும்படி கருவியை நகர்த்தி, சி கிளாம்ப்பால் மேசையோடு இறுக்குங்கள். முன்பின் விலகலைக் கருவியை நகர்த்தியும், பக்கவாட்டு விலகலைத் தடுப்புப் போல்ட்டைத் திருகியும் சரிசெய்யலாம்.

8. ஓட்டம்

இடது கோடியிலிருந்து தள்ளி, கூண்டுக்கு அடியில் ஒரு கணம் நிறுத்துங்கள். 8 மி.மீ. விழ ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கே ஆகும். நிற்காமல் தள்ளினால் அறை காலியாகப் போகும். வலது தடுப்புவரை தள்ளி, துளையிட்டு, பிட் முழுதாக மேலே வந்த பிறகு இடது கோடிக்கு இழுங்கள். வில்லை தட்டில் விழும். திரும்பும் வழியில் அறை நிறைந்திருப்பதால் கூண்டிலிருந்து இன்னொன்று இறங்காது.

சிக்கினால்

வில்லை கூண்டின் அடியில் மாட்டினால் கனத்தையும் விளிம்பையும் பாருங்கள். துளை ஒரே பக்கமாக விலகினால் வலது தடுப்பைப் பாருங்கள். எதைத் தொடுவதற்கும் முன் மெஷினை நிறுத்துங்கள். தூளைத் தூரிகையால் மட்டும் தள்ளுங்கள். கண்ணாடி அணியுங்கள். கையுறை வேண்டாம், பிட் அதைச் சுற்றி இழுத்துக்கொள்ளும்.

முதல் பத்து வில்லைகளை மெல்லிய கம்பியில் கோத்து உருட்டிப் பாருங்கள். ஒன்றும் குலுங்காமல் ஓடினால் கூண்டை நிரப்பலாம்.