பேச்சிழந்த நாடக வாத்தியார்

பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ‘வள்ளி திருமணம்’ நாடகம் பார்த்து வளர்ந்தவன் நான். வேடனும் கிழவனும் பேசும் வசனம் பாதி மனப்பாடம். ஆனா இத எழுதினது யாருண்ணே என்று சமய வகுப்பில் ஒரு தம்பி கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. பிறகுதான் தேடிப் படித்தேன்.

அவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-இல் தூத்துக்குடி வட்டாரத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். முதலில் நடிகர், எமன், இரணியன், சனீஸ்வரன் வேஷங்களில் பேர்போனவர். சனீஸ்வரன் வேஷத்தைப் பார்த்துப் பயந்த ஒரு கர்ப்பிணிக்கு ஆபத்தாகிவிட்டது என்று சொல்வார்கள். அதோடு வேஷத்தை விட்டு வாத்தியார் ஆனார்.

‘பவளக்கொடி’, ‘சத்தியவான் சாவித்திரி’ என்று புராணக் கதைகளை நாடகமாக்கினார். 1918-இல் மதுரையில் சிறுவர்களை வைத்துச் சபை தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள்தான். அந்தப் பையன்களுக்காக ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்தாராம்! நமக்கு ஒரு கட்டுரைக்கே ஒரு வாரம் ஆகுது.

பிறகு பக்கவாதம் வந்தது. கை, கால் விழுந்தது, பேச்சும் போனது. பிள்ளைகளுக்கு ஒவ்வொரு சொல்லாக உச்சரிக்கக் கற்றுக்கொடுத்த வாய் அது. குடும்பம் இல்லாத துறவி, கடைசிவரை அந்தப் பையன்களோடுதான் இருந்தார். 1922 நவம்பர் 13-இல் புதுச்சேரியில் உயிர் பிரிந்தது. வயது 55.

இந்த வருடத் திருவிழா நோட்டீஸில் நடிகர்கள் பெயருக்கு மேலே அவர் பெயரைப் போடச் சொல்லியிருக்கிறேன்.